அம்மா ‘போதும்’ சொன்ன எண்கள்

எரிந்துபோன எல்இடிக்கு ஒரு வாடை உண்டு. பயறளவு பிளாஸ்டிக் கருகினால் என்ன பெரிய வாடை வந்துவிடப்போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். வேறு ஊரில் அது மூக்கைச் சுளிக்க வைத்துவிட்டுப் போய்விடும். தாயில்பட்டிக்குப் பக்கத்தில், நான்கு திசையிலும் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் எங்கள் ஊரில், தாளிக்கும்போது கறிவேப்பிலை தீய்ந்தால்கூட ஒரு நிமிடம் தெருவே பேச்சை நிறுத்திவிட்டு மோந்து பார்க்கும். ஒன்பது வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் எல்இடியின் இரண்டு கால்களை நேராக வைத்து அழுத்தினேன். பளிச்சென்று ஒரு வெளிச்சம், மெல்லிய ‘டப்’, அப்புறம் அந்த வாடை. இருட்டில் சுவரோரமாகப் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, “என்ன தாயி தீயுது? எங்கன?” என்று கேட்டாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. பட்டாசுக் கம்பெனியின் மருந்து ரூமில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் அவள். அங்கே வேலை பார்க்கிறவர்கள் திடுக்கிடக் கூடாது, சட்டென்று எழக் கூடாது, கையிலிருப்பதைக் கீழே போடக் கூடாது. அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போய், வீட்டுக்கு வந்த பிறகும் அவளுடைய பயம்கூட நிதானமாகத்தான் நடந்தது.

எனக்கு அப்போது பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. அந்த வருடம் ஆவணி மாதம், தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த ‘சீசன்’ நேரத்தில், அம்மா வேலை பார்த்த கம்பெனியில் பக்கத்து ரூமில் பற்றிக்கொண்டது. அம்மா வாசல் பக்கமாக உட்கார்ந்திருந்ததால் உயிர் தப்பினாள். முகத்தில் பட்ட காயம் ஆறிவிட்டது. வலது கண் அன்றைக்கே போய்விட்டது. மிச்சம் இருந்தது இடது கண் ஒன்றுதான். அதுவும் மேகம் மூடிய மாதிரி பாதிதான் தெரிந்தது, அந்தப் பாதிக் கண்ணுக்கும் வெளிச்சம் ஆகவில்லை. மதுரை கண்ணாஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்து, வெளிச்சத்தில் இருக்க வேண்டாம், பொங்கல் கழித்துக் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் வீடு ஒரே அறை. அடுப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான், என் புத்தகப் பையும் அங்கேதான். டியூப் லைட்டைப் போட்டால் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். மெதுவாக, மிக மெதுவாக, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு முந்தானையை நான்காக மடித்துக் கண்ணில் வைத்துக்கொள்வாள். கேட்டால், “ஊசியால குத்துற மாரி இருக்கு, நீ படி, நீ படி” என்பாள். அவள் அப்படி உட்கார்ந்திருக்க, நான் எங்கே படிப்பது? விளக்கை அணைத்துவிடுவேன். மண்ணெண்ணெய் விளக்கு, மெழுகுவர்த்தி என்ற பேச்சுக்கே இடமில்லை. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டாலே அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்தால் டிவி சத்தம், தெருவிளக்குக்குக் கீழே உட்கார்ந்தால் கொசுவும் போகிறவர் வருகிறவர் கேள்வியும். ஆறு மணிக்கு மேல் எங்கள் வீடு இருட்டாகவே கிடந்தது.

பத்தாம் வகுப்பில் தவறினால் எங்கள் தெருப் பெண்கள் அடுத்த திங்கட்கிழமை எங்கே போவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வந்து நிற்கும், தூக்குவாளியோடு ஏறிவிட வேண்டியதுதான். அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்கட்டோடு படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன ஒரே வார்த்தை, “நீ அந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது” என்பதுதான். ஆக, எனக்கு வெளிச்சம் வேண்டும். அம்மாவுக்கு வெளிச்சம் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது ஓர் இடம் இருக்க வேண்டும், அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடிய விளக்கு ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அறிவியல் புத்தகத்தில் ஓமின் விதி நடத்தி முடித்திருந்தார்கள். மின்தடை கூடினால் மின்னோட்டம் குறையும் என்று இருபது தடவை எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன், அது வீட்டுக்கு உதவும் என்று மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதல் எல்இடி கருகிப்போனது, இரண்டாவதும் கருகிப்போனது. சாத்தூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவரிடம் மூன்றாவதாக ஒன்று கேட்டுப் போனபோது அவர் சிரித்துவிட்டு, “ரெசிஸ்டர் போடாம குடுத்தா அது சாகத்தான் செய்யும் பாப்பா. அதுக்கு மூணு வோல்ட்டுப் போதும், நீ ஒம்பதக் கொண்டுபோய் வாயில ஊத்துற” என்றார். அவர் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துக் காட்டிய ரெசிஸ்டர்கள் கம்பி முளைத்த அரிசி மாதிரி இருந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் வண்ணக் கோடுகள். மஞ்சள், ஊதா, பழுப்பு என்றால் நானூற்று எழுபது ஓம். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் ஆயிரம். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் பத்தாயிரம். வீட்டுக்கு வந்து, எல்இடியின் நீளமான காலை நானூற்று எழுபதின் வழியாக பேட்டரியின் பிளஸ்ஸிலும், குட்டையான காலை மைனஸிலும் சேர்த்தபோது அது எரிந்து போகாமல் எரிந்தது. ஆயிரத்தைப் போட்டால் கொஞ்சம் மங்கியது. பத்தாயிரத்தைப் போட்டால் மின்மினி அளவுக்கு வந்துவிட்டது. வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும், அதுவும் என் கையால் முடியும் என்று தெரிந்த அந்தச் சாயங்காலம் எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒவ்வொரு தடவையும் ரெசிஸ்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியாது அல்லவா? அப்பாவின் பழைய ரேடியோ பரணில் செத்துக் கிடந்தது. அதைப் பிரித்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ‘வால்யூம்’ திருகை எடுத்தேன். அதுவும் ஒரு ரெசிஸ்டர்தான், திருப்பத் திருப்ப அளவு மாறும், பத்தாயிரத்திலிருந்து சுழி வரைக்கும். அதற்கு மூன்று கால்கள்; நடுக்காலோடு ஓரக்கால் ஒன்றைச் சேர்த்தால் போதும். எந்த ஓரம் என்று தெரியாமல் நான் முதலில் தப்பான காலில் சேர்த்துவிட்டேன். ‘டிக்’ என்று திருகைத் திறந்தவுடனே முழு வெளிச்சமும் அறைக்குள் கொட்டிவிட, அம்மா மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். அன்றைக்கு அழுதுவிட்டேன். மறுநாள் கம்பியை அடுத்த ஓரக்காலுக்கு மாற்றினேன். அப்புறம் திறந்ததும் மினுக்கென்று தொடங்கி, திருப்பத் திருப்பக் கூடியது. திருகு சுழிக்குப் போனாலும் எல்இடி எரிந்துவிடாமல் இருக்க அந்த நானூற்று எழுபதையும் வழியில் காவலுக்கு நிறுத்தியிருந்தேன். வெளிச்சம் சிதறாமல் புத்தகத்தில் மட்டும் விழுவதற்கு, மருந்து அடைக்காத புஸ்வாணக் கூடு ஒன்றை அப்பா கொண்டுவந்து கொடுத்தார்; அதன் நுனியைக் கத்தரித்து உள்ளே எல்இடியைச் செருகினேன். பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கம்பியால் ஈயம் உருக்கி ஒட்டுவதற்கு எங்கள் வீட்டில் வழியில்லை, அம்மா தாங்க மாட்டாள் என்பதால் எல்லா இணைப்பையும் கையால் முறுக்கி டேப் சுற்றினேன்.

அடுத்ததாகச் செய்ததைத்தான் நான் பெரிய கெட்டிக்காரத்தனமாக நினைத்தேன். அம்மா வலித்தாலும் முகத்தில் காட்ட மாட்டாள், கேட்டாலும் ‘நீ படி’ என்றுதான் சொல்வாள். அதனால் திருகுக்கு அடியில் வட்டமாக ஓர் அட்டையை ஒட்டி, ஒன்றிலிருந்து பத்து வரை எண் எழுதினேன். தினமும் சாயங்காலம் அம்மாவை எனக்கு எதிரே உட்காரவைத்து, புஸ்வாணக் கூட்டை அவள் பக்கம் காட்டி, ஒன்றிலிருந்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே வருவேன். கூசத் தொடங்கும் இடத்தில் அவள் “போதும்” என்று சொல்ல வேண்டும். அந்த எண்ணை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டு, அதற்கு ஒன்று குறைத்து வைத்துக்கொண்டு படிப்பேன். “பள்ளிக்கூடத்துல டீச்சர் கணக்கா என்னைய உக்கார வச்சுட்டா” என்று அம்மா அப்பாவிடம் கேலியாகச் சொன்னாலும், ஆறு மணி ஆனதும் தலையை வாரிக்கொண்டு அவளே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

கார்த்திகை மாதம் தொடங்கியபோது அம்மா இரண்டில் “போதும்” என்றாள். இரண்டு என்றால் எழுத்தை விரலால் தடவிக்கொண்டே போக வேண்டியிருக்கும். மார்கழி பிறந்ததும் மூன்று, பிறகு நான்கு. நான்குக்கு வந்த அன்று அப்பா, லோடு ஏற்றிவிட்டு வந்த களைப்போடு, சாத்தூர் சேவு கால் கிலோ வாங்கிவந்து அம்மாவின் கையில் வைத்து, “மக வைத்தியம் பலிக்குதுல்ல?” என்றார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் என் நோட்டைத் திறந்து அந்த எண்களைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது, எண் மட்டும் அவருக்குத் தெரியும். கணக்கு வகுப்பில் வரைபடத்தாள் கொடுத்திருந்தார்கள். கீழே தேதி, பக்கத்தில் எண் என்று புள்ளி வைத்துக் கோடு போட்டேன். கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சியில் விளக்கையும் அந்தத் தாளையும் கொண்டுபோய் வைத்து, ‘அம்மாவின் கண்ணைத் தேற்றிய விளக்கு’ என்று அட்டையில் எழுதி, கூடியிருந்தவர்களுக்கு விளக்கிச் சொன்னேன். கைதட்டினார்கள். ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசாகக் கிடைத்தது. அதில்தான் பரீட்சை முடியும்வரை சோறு கொண்டுபோனேன்.

பொங்கல் வந்தது, அம்மா ஆறுக்கு வந்திருந்தாள். அப்பா கரும்புத் துண்டைக் கடித்துக்கொண்டே, “பொங்க கழிச்சு வரச் சொன்னாகல்ல? போயிட்டு வந்துருவமா?” என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் சீட்டுப் படிக்க, எந்த அறை என்று போர்டைப் பார்க்க நான் போனால்தான் ஆகும். அடுத்த வாரம் ரிவிஷன் டெஸ்ட் தொடங்குவதாக இருந்தது. “எதுக்குப்பா? ரெண்டுல இருந்தாக, இப்ப ஆறு. ஏறிக்கிட்டுத்தான இருக்கு? பரீட்ச முடியட்டும், போவோம்” என்று நான் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, நோட்டை எடுத்து விரித்து, கோட்டின் மேல் விரலை ஓட்டிக் காட்டிச் சொன்னேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். “புள்ள சொல்றதும் சரிதான். முன்ன மாரி குத்தல் இல்ல” என்றாள் அம்மா. பேச்சு அத்தோடு முடிந்தது. அந்த ஒரு நிமிடப் பேச்சை நான் இத்தனை வருடத்தில் எத்தனை விதமாக மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

தை கடைசியில் அம்மா ஒரு புதுப் புகார் சொன்னாள். “வெளிச்சம் கம்மியா இருக்கு தாயி, பேட்டரி எறங்கிப்போச்சு போல.” எனக்கு வெளிச்சம் அப்படியேதான் தெரிந்தது. இருந்தாலும் பேட்டரியை மாற்றினேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும், “ஏ புள்ள, கூட்டித்தான் வையேன், மினுக்மினுக்குன்னு இருக்கு” என்றாள். முறுக்கிய இணைப்பு எங்காவது தளர்ந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, கம்பியைச் சுரண்டி, மறுபடி முறுக்கினேன். அதற்கும் சரிவரவில்லை என்று சாத்தூருக்குக் கொண்டுபோய் ஈயம் வைத்துக் கொண்டுவந்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, “நல்லாத்தான பாப்பா எரியுது?” என்றார். நல்லாத்தான் எரிந்தது. அப்படியென்றால் அம்மாவுக்கு இந்த வெளிச்சம் பழகிப்போய்விட்டது, கண் தேறி இன்னும் கேட்கிறது என்று நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். பழுது எங்கே என்று தேடும்போது கம்பி, பேட்டரி, திருகு, எல்இடி என்று நான்கு இடத்தில் தேடினேன். அந்தச் சுற்றில் ஐந்தாவதாக ஒன்றும் இருந்தது, அது எனக்கு எதிரே தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வேறு அடையாளம் ஒன்றுமே தெரியவில்லையா என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தெரிந்தது. வாசலில் அப்பா வந்து நின்றால் நிழலைப் பார்த்தே “வந்துட்டீகளா?” என்று கேட்கிறவள், மாசி மாதத்தில் “ஆரு?” என்று கேட்கத் தொடங்கினாள். தட்டைத் தாண்டிக் குழம்பை ஊற்றினாள். வீடு இருட்டாக இருக்கிறது, அதனால்தான் என்று எல்லாருமே நினைத்துக்கொண்டோம். அதோடு, அவள் வேலை ஒரு நாளும் குறையவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளிலேயே வீட்டிலிருந்தபடி வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டத் தொடங்கியிருந்தாள். குச்சியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, உருட்டி, உருவிப் போடும் அந்த வேலைக்குக் கண்ணே வேண்டாம். சிறு வயதிலிருந்து பழகிய கை அது. கம்பெனிக்காரர் வந்து குழாய்களை எண்ணி எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம், “முன்னைய விடச் சுருக்கா உருட்டுறீகளே” என்று மெச்சிவிட்டுப் போவார். எங்கள் பக்கத்தில் ஒருத்தி வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம். யாரும் அதற்கு மேல் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

மாசி நடுவில் எட்டு, மாசி கடைசியில் ஒன்பது. பங்குனியில் ஒரு நாள் திருகு பத்தில் போய் முட்டி நின்றுவிட்டது, அம்மா “போதும்” என்று சொல்லவே இல்லை. அந்தத் திருகில் ஒரு குணம் உண்டு. முக்கால்வாசி திருப்பும்வரை வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும், கடைசிக் கால்வாசியில்தான் பாய்ந்து வரும். ஒன்பதிலிருந்து பத்துக்குப் போனபோது எனக்கே கண் கூசியது, அம்மா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “வலிக்கலையாம்மா?” “இல்ல தாயி.” அவளைக் கட்டிக்கொண்டேன். அன்று முதல் டியூப் லைட்டையே போட்டுப் படித்தேன். பத்து நாளில் பரீட்சை.

பரீட்சை முடிந்த மறுநாள் மதுரைக்குப் பஸ் ஏறினோம். நான் நோட்டையும் வரைபடத்தாளையும் பையில் வைத்திருந்தேன், கேட்பார்கள் என்று அல்ல, காட்ட வேண்டும் என்று. எங்கள் முறை வந்தபோது இருந்தது ஒரு பெண் டாக்டர், சின்ன வயதுதான். அவர் அம்மாவின் இமையை விலக்கி, பேனா அளவு டார்ச்சை இடது கண்ணுக்கு நேரே அடித்தார். அம்மா இமைக்கக்கூட இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தீங்களா டாக்டர்? முன்னாடி ரெண்டுக்கே கூசும், இப்ப பத்துக்கும் தாங்குறாங்க” என்று சொல்லி நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

டாக்டர் நோட்டைப் பார்க்கவில்லை. டார்ச்சை அணைக்காமல், அடுத்த கையை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டி, “எத்தனை விரல்மா?” என்று கேட்டார்.

அம்மா டாக்டரின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். அப்புறம் மரியாதையாக, “லைட்டப் போட்டுட்டுக் கேளுங்க டாக்டரம்மா, இருட்டா இருக்கு” என்றாள்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் என் நோட்டைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வரைபடத்தாளை வெகு நேரம் பார்த்தார். “இதை யார் எழுதினது?” என்று கேட்டார், நான்தான் என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “கண்ணு கூசுதுன்னா அது இன்னும் வெளிச்சத்த வாங்குதுன்னு அர்த்தம்மா. உங்க அம்மாவுக்கு உள்ள அழுத்தம் ஏறி ஏறி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கு. அது போகப் போகத்தான் கூச்சம் கொறஞ்சிருக்கு. பொங்கல் கழிச்சு வந்திருந்தா, இருந்த பார்வையையாவது காப்பாத்தி வச்சிருக்கலாம்” என்றார். என் தாளில் பொங்கல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கரும்பு வரைந்திருந்தேன். நாள் தவறாமல், பிசகில்லாமல், சுத்தமான கையெழுத்தில், என் அம்மா குருடாகிக்கொண்டே வந்ததை நான் எழுதி வைத்திருந்தேன். அதற்குத்தான் கைதட்டினார்கள்.

அப்பா டாக்டரின் முகத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “என்ன தாயி சொல்றாக? பத்து நல்லதுதான?” என்று கேட்டார். நான் டாக்டரிடமிருந்து நோட்டை வாங்கிப் பையில் வைத்தேன். அம்மாதான், “வாங்க, போவோம். ஊருக்குப் பஸ் இருக்கும்” என்று எழுந்து கையை நீட்டினாள், யார் கை கிடைக்கும் என்று துழாவிக்கொண்டு. பஸ் திருமங்கலம் தாண்டியது. பிறகு அம்மா என் தொடையைத் தட்டி, “நீ என்ன செய்வ? எனக்கே தெரியலயே. பேட்டரின்னுதான நானும் நெனச்சேன்” என்றாள். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள் என்பதுதான் அதில் பெரிய வேதனை; அவள் தெரிந்து மறைத்திருந்தால்கூட எனக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வந்தது. அறிவியலில்தான் அதிகம். அதற்கு அப்புறம் பாலிடெக்னிக், அதற்கு அப்புறம் வேலை. கம்பெனி வாசப்படியை மிதிக்கக் கூடாது என்று அம்மா சொன்னதைக் காப்பாற்றிவிட்டதாக ஊரில் என்னைக் காட்டிச் சொல்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் எல்இடி விளக்கு செய்யும் ஓர் இடத்தில் இருக்கிறேன்; செய்து முடித்த விளக்குகளின் வெளிச்சத்தை அளப்பது என் வேலை. விளக்கைக் கருவிக்குக் கீழே வைத்தால் எண் வந்துவிடும், யாரையும் எதிரே உட்காரவைத்துக் கேட்க வேண்டியதில்லை. கூட்டிக் குறைக்கும் விளக்குகள் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன, கையடக்க ரிமோட்டோடு. சாத்தூரில் அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அம்மா வேலை பார்த்த கம்பெனியின் ரூம்களைச் சுற்றிக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, ஆனால் அதற்கு எதிரே இன்னொரு கம்பெனி வந்துவிட்டது, வேன் அதே நேரத்துக்கு வருகிறது. இவற்றில் எது போனது, எது வந்தது என்பதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காணாமல்போனவற்றில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டியூப் லைட்டைப் போட்டதும் அம்மா மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்புவாளே, அது. அந்த வலியை நிறுத்தத்தான் நான் அத்தனை பாடுபட்டேன். இன்றைக்கு அவள் ஒரே ஒரு தடவை அப்படித் திரும்பினால் போதும் என்று இருக்கிறது. திரும்ப மாட்டாள் என்று தெரியும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் ஆறரை மணி இருக்கும், அப்பா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. வானம் கறுத்து நல்ல மழைக்கோப்பு, தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது, விசிறி நின்றுபோய், எதிர் வீட்டுச் சுவர்கூடத் தெரியாத இருட்டு. அம்மா வழக்கம்போல் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள், உருவிப் போடும் சத்தம் மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. அது திடீரென்று நின்றது.

“தாயி, அந்த லைட்டக் கொஞ்சம் கொறயேன்” என்றாள். “லேசாக் கண்ணு கூசுது.”

டாக்டர் சொன்னதெல்லாம் அன்றைக்கு அவள் காதிலும்தானே விழுந்தது? எனக்காகச் சொல்கிறாளா, தனக்காகவே சொல்லிக்கொள்கிறாளா, இல்லை உண்மையிலேயே அவளுக்கு ஏதாவது தெரிகிறதா என்று நான் கேட்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு எழுந்து போய், அவளுக்குக் கேட்கும்படி சுவிட்சைத் தட்டினேன்.

“கொறச்சுட்டேம்மா” என்றேன்.

“ஆங், இப்பத்தான் பரவால்ல” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் உருட்டத் தொடங்கினாள்.